கறுப்பு மைக்குள் ஒரு பச்சை: லாலிக்கின் ‘ஆங்க்ர் நுவார்’

பெங்களூரு அல்சூரில் பதினோரு ஆண்டுகளாகப் பச்சை குத்தும் ஸ்டூடியோ ஒன்றை நடத்தி வருகிறேன். ஏரிக்கரைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள், வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கியிருக்கும் இளைஞர்கள், கோலார் தங்கவயலிலிருந்து ரயிலேறி வருபவர்கள் என்று என் நாற்காலியில் அமர்பவர்களில் பாதிக்கு மேல் தமிழர்களே. அவர்களில் சிலர் சில காலமாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: பச்சை குத்தும் கலையை வைத்து வெளிநாடுகளில் சென்ட் செய்கிறார்களாமே, அதில் எது நன்றாக இருக்கும்?

அப்படிச் செய்கிறார்கள் என்பது உண்மைதான். ‘கிரி கிரி’ என்ற பிரெஞ்சு நிறுவனம் பச்சை குத்துவதையே கருவாக எடுத்துக்கொண்டு ‘மோக்கோ மாவோரி’, ‘தாரா மந்த்ரா’, ‘உக்கியோ-ஏ’ என்ற பெயர்களில் வாசனைத் திரவியங்களைக் கொண்டுவந்தது. இந்தப் பெயர்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஏக்கம் எழுகிறது. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் முகத்தில் இடும் கோலம் இருக்கிறது, ஜப்பானிய மரக்கட்டை அச்சோவியம் இருக்கிறது, தேவியின் மந்திரமும் இருக்கிறது. ஆனால் நம் ஊர்க் குறத்திகள் திண்ணையில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே குத்திய பச்சைக்கு அந்த வரிசையில் இடமில்லை. எனவே பெயரைப் பார்க்காமல் மூக்கை நம்பித் தேடினேன். தேடலின் முடிவில் என் கைக்கு வந்தது, பச்சை குத்துவதைப் பற்றி எங்கும் ஒரு சொல்லும் சொல்லாத, ‘கறுப்பு மை’ என்று மட்டும் பொருள்படும் பெயரைக் கொண்ட ‘ஆங்க்ர் நுவார்’. எட்டு மாதங்களாக வேலை நாட்களில் இதைத்தான் பூசிக்கொள்கிறேன். என் தொழிலுக்கு இதைவிட நெருக்கமான வாசனை வேறொன்றை நான் இதுவரை முகர்ந்ததில்லை.

இது புதிய சரக்கு அல்ல. நத்தாலி லோர்சோன் என்ற பிரெஞ்சுப் பெண் கலைஞர் உருவாக்க, லாலிக் நிறுவனம் இதை 2006இல் வெளியிட்டது. நிறுவனத்துக்குப் பெயர் தந்த ரெனே லாலிக் (1860–1945) முதலில் நகை செய்து புகழ்பெற்று, பிறகு கண்ணாடிக்கு வந்தவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாசனைத் திரவியத் தயாரிப்பாளர் ஃபிரான்சுவா கோட்டிக்காக அவர் வடித்த சீசாக்களுக்குப் பிறகுதான் வாசனைத் திரவியத்தின் சீசாவும் ஒரு கலைப்பொருள் என்ற எண்ணம் பரவலானது. அவர் மைக்கூடுகளும் செய்தார். ஆங்க்ர் நுவாரின் சீசா அந்த மைக்கூட்டு மரபை நினைவூட்டும் விதமாகக் கட்டை குட்டையான கறுப்புச் சதுரமாக இருக்கிறது. என் மேசையில் மைக் குப்பிகளுக்கு நடுவே அதை வைத்தால் புதிதாக வருபவர்கள் அதையும் ஏதோ ஒரு மை என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

எழுதும் மையிலிருந்து பச்சை குத்தும் மைக்குத் தாவுவது வலிந்து செய்யும் பொருத்தம் என்று ஒருவர் சொல்லலாம். என் தொழிலின் வரலாறு அதற்குப் பதில் வைத்திருக்கிறது. தாமஸ் எடிசன் 1876இல் காப்புரிமை பெற்ற மின்பேனா, எழுதும் வரிகளின் வழியே தாளில் நுண்ணிய துளைகளை இட்டு ஒரு ஸ்டென்சிலை உண்டாக்கும் கருவி. அந்த ஸ்டென்சிலின் மீது மையை உருட்டிப் பல பிரதிகள் எடுப்பார்கள். அந்த அமைப்பையே அடிப்படையாகக் கொண்டுதான் நியூயார்க்கைச் சேர்ந்த சாமுவேல் ஓ’ரைலி, தோலில் மை ஏற்றும் மின்கருவிக்கு 1891இல் காப்புரிமை வாங்கினார். நான் நாள்தோறும் கையில் பிடிக்கும் இயந்திரத்தின் மூதாதை ஒரு பேனா; ஸ்டென்சில் என்ற சொல்லைக்கூட எங்கள் தொழில் இன்றுவரை விடவில்லை.

பச்சை குத்தும் அறையில் உண்மையில் என்ன வாசனை வரும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கலையைக் கருவாக வைத்து எழுதப்படும் விளம்பரங்கள் பெரும்பாலும் உலோகம், ரத்தம், தோல், புகை என்றே பேசுகின்றன. எங்கள் அறையில் முதலில் வருவது ஸ்பிரிட்டின் நெடி. அதற்குப் பின்னால் நீரில் கரைத்த பச்சைச் சோப்பின் வாசம். பழைய முறைப்படி செய்த பச்சைச் சோப்புக் கரைசலில் லாவெண்டர் எண்ணெய் சேர்ப்பார்கள் என்பதால் அதில் ஒரு மெல்லிய பூ வாசமும் உண்டு. தோலின் மேல் தடவும் வாசலினுக்கு வாசனை என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. கையுறையின் ரப்பர் நெடி, ஊதா நிற ஸ்டென்சில் தாளின் மெழுகு வாசம், வாடிக்கையாளரின் வியர்வை, அச்சத்தைப் போக்க அவர் மென்றுகொண்டிருக்கும் சூயிங்கம் எல்லாம் இதனோடு கலக்கும். மைக்கு மட்டும் ஏறக்குறைய வாசனையே கிடையாது. கறுப்பு மையில் நிறம் தருவது கரித்தூள். அதைத் தாங்கி நிற்பவை தண்ணீர், கிளிசரின், கொஞ்சம் ஆல்கஹால் போன்றவை. குப்பியை மூக்கருகே வைத்து முகர்ந்தாலும் ஈரக்கரியின் சாயல் மிக மங்கலாகத்தான் தெரியும். ஆகவே பச்சை குத்துவதன் வாசனையை நேரடியாக நகலெடுக்க முயன்றால் கிடைப்பது மருத்துவமனை வராந்தாதான்.

நம் முன்னோர் குத்திய பச்சைக்கு இருந்த வாசனை இதற்கு முற்றிலும் வேறானது. மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்துத் துணியில் சுற்றித் திரியாக்கி, விளக்கெண்ணெய் ஊற்றிய அகலில் எரியவிட்டு, மேலே கவிழ்த்த சட்டியில் படியும் கரியைச் சுரண்டி எடுத்துத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைப்பார்கள். சேர்த்துக் கட்டிய ஊசிகளை அதில் தோய்த்துக் குத்திய பிறகு அந்த இடத்தைக் கழுவி மஞ்சள் தடவுவார்கள். எரிந்த இலை, விளக்கெண்ணெய்ப் புகை, பால், மஞ்சள் ஆகிய இந்த நான்கும் கலந்த வாசனையை யாராவது ஒரு நாள் சீசாவில் அடைப்பார்கள் என்றால் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன்.

கரியால் செய்த அந்தக் கறுப்பு மைக்கு ‘பச்சை’ என்று ஏன் பெயர் வந்தது என்பதை என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே கேட்பேன். தோலின் மேற்படலத்தைத் தாண்டி ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் மை தங்குகிறது. மேலே இருக்கும் தோல், உள்ளே போகும் ஒளியில் நீலக் கூறுகளை அதிகமாகச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது. நீண்ட அலைகளைக் கொண்ட சிவப்பு ஆழத்துக்குச் சென்று கரியில் முடிந்துபோகிறது. அதனால் கறுப்பாக உள்ளே போனது நாளடைவில் நீலம் கலந்த பச்சையாக வெளியே தெரிகிறது. உலகின் பல மொழிகள் குத்தும் செயலையோ கருவியையோ வைத்து இந்தக் கலைக்குப் பெயரிட்டிருக்கும்போது, தமிழோ மை ஆறித் தோலோடு கலந்த பிறகு தெரியும் நிறத்தை வைத்துப் பெயரிட்டிருக்கிறது என்பது எனக்கு எப்போதும் பெருமை தரும் விஷயம். குப்பியில் இருப்பது வேறு, உடம்பில் ஆவது வேறு என்ற அறிவு அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

ஆங்க்ர் நுவாரிலும் நடப்பது இதுதான். கறுப்புச் சீசா, கறுப்பு மை என்ற பெயர். தோலில் பட்டதும் வெளிவருவது பச்சை.

காலை ஒன்பதரை மணிக்கு இடது முன்கையின் உட்புறத்தில் இரண்டு முறை தெளித்துக்கொள்கிறேன். முதல் பத்து நிமிடங்களுக்குச் சைப்ரஸ்தான் எல்லாம். ஊட்டியில் மழை நின்ற பிறகு சைப்ரஸ் மரங்களின் கீழே நடந்தவர்களுக்கு அந்த வாசனை தெரியும்: நசுங்கிய ஊசியிலைகள், பிசின், குளிர்ந்த காற்று ஆகியவற்றோடு தொண்டையின் பின்புறத்தில் லேசாகக் கசக்கும் ஒரு கூர்மையும் இருக்கும். இந்தக் கூர்மை எல்லோருக்கும் பிடிப்பதில்லை. என் உதவியாளர் முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததுபோல் இருக்கிறது என்றார். அவர் சொன்னதில் உண்மை உண்டு. முதல் கால் மணி நேரத்தில் இதற்கு இனிமை என்பதே கிடையாது, முகர்பவரை வரவேற்கும் எண்ணமும் இல்லை.

அரை மணி நேரம் கழித்து இலையின் கூர்மை அடங்கி, வெட்டிவேர் எழுந்து வருகிறது. மண் ஒட்டிய வேர், அந்த மண்ணில் இன்னும் காயாத ஈரம், எங்கோ தூரத்தில் சருகு எரியும் புகை. அதன் பிறகு வரும் மணி நேரங்கள்தான் இந்தத் திரவியத்தின் உச்சம். புகை குறைந்து, ஈரம் வற்றி, சீவிய பென்சிலின் மரத்தூளை நினைவூட்டும் உலர்ந்த வாசனையாக அது மாறும்போது, அதன் அடியில் காஷ்மீர் மரம் என்று வாசனைத் தொழிலில் சொல்லப்படும் மென்மையும் கஸ்தூரியின் சாயலும் சேர்ந்து முனைகளை மழுங்கச் செய்கின்றன. நுணுக்கமான கோட்டு வேலை செய்யும்போது நான் மூன்று மணி நேரம் குனிந்தபடி இருப்பேன். என் கையும் வாடிக்கையாளரின் தோளும் ஒரு சாண் இடைவெளியில் இருக்கும். அந்த நெருக்கத்திலும் இந்த வாசனை யாருக்கும் தொல்லை தருவதில்லை. என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது மிகப் பெரிய தகுதி, ஏனென்றால் வலியைப் பொறுத்துக்கொண்டிருக்கும் ஒருவரின் மூக்குக்கு அருகில் சர்க்கரைப் பாகு போன்ற வாசனையைக் கொண்டுபோவது அவரை வாந்தி எடுக்க வைத்துவிடும்.

மாலையில் அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தடத்துக்கு மாறி, சோப்புத் தொழிற்சாலையின் பெயரையே தாங்கிய நிலையத்தில் இறங்குகிறேன். அப்போது கையை மூக்கருகே கொண்டுவந்தால்தான் வாசனை தெரிகிறது; சட்டைக் கையின் மடிப்பில் மட்டும் மறுநாள் காலை வரை தங்கியிருக்கும். அந்த நிலையத்தில் இறங்கும்போதெல்லாம் ஓர் ஒப்பீடு தானாகவே மனத்தில் எழும். இந்த ஊர் உலகத்துக்குத் தந்த மைசூர் சாண்டல் சோப்பிலும் சந்தன எண்ணெயோடு பச்சோலி, வெட்டிவேர் போன்ற எண்ணெய்கள் சேர்கின்றன. அங்கே வேர், சந்தனத்தின் பால் போன்ற இனிப்புக்குக் கீழே துணையாக நிற்கிறது. ஆங்க்ர் நுவாரில் அதே வேர் துணையை நம்பாமல் தனியாக நிற்கிறது. ஒரு வாசனையில் வெட்டிவேர் எவ்வளவு எடையைத் தாங்கும் என்பதை இதில்தான் முழுமையாக உணர்ந்தேன்.

அதை எனக்கு முன்னால் உணர்ந்தவர் ஒரு மூதாட்டி. தங்கவயலிலிருந்து, இங்கே வேலை பார்க்கும் பேத்தியோடு வந்திருந்தார். அவருடைய வலது முன்கையில் சிறு வயதில் குத்திய கோலம் ஒன்று இருந்தது. வரிகள் அகன்று, புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து, ஆனால் அமைப்பு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் கோலத்தை அப்படியே தன் கையில் குத்திக்கொள்ள வேண்டும் என்பது பேத்தியின் ஆசை. கண்ணாடித் தாளை மூதாட்டியின் கைமேல் வைத்து நான் வரிகளை எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் என் கையை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“என்ன தம்பி, உன் கையில பானைத் தண்ணி வாசம் வருது?”

பிரான்ஸ் நாட்டுச் சென்ட், பாட்டி என்றேன். அவர் நம்பவில்லை. கையைப் பிடித்து இழுத்து இன்னொரு முறை முகர்ந்து பார்த்துவிட்டு, “வெட்டிவேருப்பா இது. பிரான்சுக்காரனுக்கு இது எப்படிக் கிடைச்சுது?” என்றார். அவருக்கு நான் அன்று தந்த பதிலை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்தத் திரவியத்தின் மதிப்பே அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

வாசனைத் தொழிலில் உலகம் முழுவதும் ‘வெட்டிவர்’ என்று வழங்கும் சொல் தமிழின் வெட்டிவேர்தான். அது பிரெஞ்சு மொழிக்குப் போய் அங்கிருந்து மற்ற மொழிகளுக்குப் பரவியது. பயிரும் இந்தியாவிலிருந்து பல வெப்ப நாடுகளுக்குச் சென்றது. இந்தியப் பெருங்கடலில் பிரான்சின் ஆளுகையில் இருக்கும் ரீயூனியன் தீவின் பழைய பெயர் பூர்போன். அங்கே விளைந்த வேரின் எண்ணெயை இன்றும் பூர்போன் வெட்டிவேர் என்றே சொல்கிறார்கள். கரீபியக் கடலில் இருக்கும் ஹெய்ட்டி இன்று இந்த எண்ணெயை ஏற்றுமதி செய்வதில் முன்னணியில் நிற்கிறது. அந்நாட்டின் தென்பகுதியில் ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகளுக்கு இதுதான் வருமானம். ஆங்க்ர் நுவாரில் பூர்போன் வேரும் ஹெய்ட்டி வேரும் இரண்டும் சேர்ந்திருப்பதாக நிறுவனம் கூறுகிறது. ஹெய்ட்டி எண்ணெய்க்கே உரிய சுத்தமும் உலர்ந்த மரத்தன்மையும் இதன் பின்பாதியில் தெளிவாகத் தெரிகின்றன. முன்பாதியின் புகையும் மண்ணும் சற்று வேறான ஒரு கையின் வேலை போலத் தோன்றுகின்றன.

வட இந்தியாவின் கன்னோஜ் நகரில் காட்டு வேரைச் செப்புக் கலத்தில் வடித்து எடுக்கும் ‘ரூ கஸ்’ இதற்கு அண்ணன் போன்றது. செம்பின் தொடர்பால் அந்த எண்ணெயில் பச்சைச் சாயல்கூட இருக்கும். சிவாஜி நகரில் ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள அத்தர்க் கடைகளில் அதன் பெயரில் பலவிதமான குப்பிகள் கிடைக்கின்றன. நல்லதை ஒரு துளி மணிக்கட்டில் வைத்துப் பார்த்தேன். அதில் மண் அதிகம், இனிப்பும் அதிகம், ஆழமும் அதிகம். ஆனால் அது ஒரே வேரின் முழு உருவம். ஆங்க்ர் நுவாரோ அந்த வேரை எடுத்து மரநிழலில் வைத்து வரைந்த ஓவியம். இரண்டையும் வைத்திருப்பவர் பாக்கியவான். கடலூர் மாவட்டத்தின் கடலோர மணலிலும் வெட்டிவேர் விளைகிறது; நம் மண்ணின் வேரையே முதன்மையாக வைத்து இத்தனை கவனத்தோடு செய்த ஒரு திரவியம் தமிழ்நாட்டிலிருந்து வரவேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

வேரிலிருந்து எண்ணெயை வடிக்க மிக நீண்ட நேரம் ஆகும். பூக்களுக்குச் சில மணி நேரம் போதுமென்றால் வெட்டிவேருக்கு ஒரு முழுப் பகலும் இரவும்கூடத் தேவைப்படலாம். அதன் மூலக்கூறுகள் கனமானவை, எளிதில் ஆவியாகாதவை. வடிப்பவரைக் காத்திருக்க வைக்கும் அதே குணம்தான் தோலின் மேலும் அதைத் தங்க வைக்கிறது. தங்குவது என்று சொல்லும்போது பச்சையோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. தோலுக்குள் போன மைத்துகள்களைப் பெருவிழுங்கி அணுக்கள் என்னும் காவல் அணுக்கள் விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அவை இறக்கும்போது வெளிவரும் துகள்களைப் புதிய அணுக்கள் மீண்டும் விழுங்குகின்றன என்பதைப் பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளை வைத்து 2018இல் காட்டினார்கள். அசையாமல் இருப்பதாக நாம் நினைக்கும் பச்சை உண்மையில் கைமாறிக் கைமாறித்தான் ஓரிடத்தில் நிற்கிறது. வாசனைக்கு அந்தக் காவல் கிடையாது. மேல்தோலில் அமர்ந்து, உடம்பின் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிப் போகிறது. ‘உங்கள் தோலில் நிரந்தரமாகப் பதியும்’ என்ற தோரணையில் எழுதப்படும் விளம்பரங்கள் எனக்கு ஏற்புடையவை அல்ல. ஒரு நாள் வேலைக்கு ஒரு நாள் தங்கினால் போதும்; ஆங்க்ர் நுவார் அதைச் செய்கிறது.

மையையே நேரடியாக எடுத்துக்கொண்ட வேறு இரண்டு திரவியங்களையும் சொல்லிவிடுகிறேன். கோம் டே கார்சோன் 1999இல் வெளியிட்ட ‘2’, மார்க் பக்ஸ்டன் உருவாக்கியது. பைரேடோவின் ‘எம்/மிங்க்’ 2010இல் ஜெரோம் எப்பினெட் உருவாக்கியது. இரண்டுமே கிழக்காசியத் தூரிகை எழுத்தின் மையை நினைத்துச் செய்தவை. அந்த மை, விளக்குக் கரியையும் விலங்குப் பசையையும் பிசைந்து கட்டியாக்கியது. பசையின் நெடியை மறைக்கக் கற்பூர வகையைச் சேர்ப்பார்கள், ஆகவே அதற்கென்று ஒரு வாசனை உண்டு. ‘2’ பளிச்சென்று, சலவை செய்த துணியின் மேல் மை சிந்தியதுபோல் இருக்கிறது. ‘எம்/மிங்க்’ சாம்பிராணியும் பச்சோலியும் தேனும் சேர்ந்து கனத்து நிற்கிறது. இரண்டும் சிறந்த வேலைகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை தாளின் மேல் காயும் மை. என் மை உடம்புக்குள் இருக்கிறது, அதற்கு வேர்தான் பொருத்தம்.

இனி குறைகள். கறுப்புச் சீசா என்பதால் உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க முடியாது. கல்யாணம், விருந்து போன்ற இடங்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பட்டும் விளக்கும் நிறைந்த இடத்தில் இதன் இருண்ட முகம் தனியாகத் தெரியும். இருந்தாலும், இதைப் பூசிக்கொண்டு தலையில் மல்லிகை வைத்து வந்த ஒரு வாடிக்கையாளரைக் கண்டபோது, கோயில் மாலைகளில் பூவையும் வெட்டிவேரையும் சேர்த்துக் கட்டுவதன் நியாயம் எனக்கு விளங்கியது. ஆண்களுக்கான திரவியம் என்று விற்கிறார்கள். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. கோடைக்கும் மழைக்கும் பொருந்துகிறது, ஜூலை மாதத்து நசநசப்பான மாலைகளில் மிக அழகாக இருக்கிறது. சென்னைக்குப் போய் இரண்டு நாள் தங்கியபோது அதே அளவு அங்கே சற்றே அழுத்தமாகத் தெரிந்தது. கடற்கரை ஊர்களில் ஒரே ஒரு முறை தெளித்தால் போதும்.

விலை, சிறு நிறுவனங்கள் குறைந்த அளவில் செய்யும் ‘நிஷ்’ வகைத் திரவியங்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அதனாலேயே போலிகளும் உலவுகின்றன. நான் முதலில் வாங்கியது இணையத்தில் ஒரு விற்பனையாளர் பாதி விலைக்குத் தந்தது. சைப்ரஸுக்குப் பதிலாக ஸ்பிரிட்டும், வேருக்குப் பதிலாக ஏதோ ஒரு சவர லோஷனும் வந்தன, ஒரு மணி நேரத்தில் எல்லாம் மறைந்துபோயின. பணத்தைவிட, இதுதான் ஆங்க்ர் நுவார் என்று நம்பி அதைக் கைவிட இருந்தேனே என்பதுதான் வருத்தம். நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ விற்பனையாளர் யார் என்று உறுதி செய்துகொண்ட பிறகே பணம் கட்டுங்கள்.

பச்சை குத்திக்கொண்டவர்களுக்கு என் தொழில் முறையில் ஒரு வேண்டுகோள். புதிதாகக் குத்திய இடம் ஒரு காயம். இதுவானாலும் வேறெதுவானாலும் ஆல்கஹாலில் கரைத்த எந்தத் திரவியத்தையும் அதன்மேல் தெளிக்காதீர்கள். எரிச்சலோடு நிற்காமல், ஆறும் தோலை உலர்த்தி மையையும் கெடுத்துவிடும். பொருக்கு முழுவதும் உதிர்ந்து, தோலின் பளபளப்பு அடங்கி, தடவினால் மற்ற இடங்களைப் போலவே இருக்கும்வரை பொறுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். அந்த நாட்களில் வாசனை வேண்டுமென்றால் சட்டையில் தெளித்துக்கொள்ளலாம். ஆறிய பச்சையின்மேல் தெளிப்பதால் நிறத்துக்கு ஒரு கேடும் வராது, ஏனெனில் மை இருக்கும் ஆழத்துக்கு வாசனை போவதில்லை.

தங்கவயல் மூதாட்டியின் பேத்தி ஐந்து வாரங்கள் கழித்து, கோலத்தில் ஒரு புள்ளி மங்கியிருந்ததைச் சரிசெய்ய வந்தார். கை நன்றாக ஆறியிருந்தது. கறுப்பு இன்னும் கறுப்பாகவே இருந்தது, பச்சையாக அதற்கு ஆண்டுகள் வேண்டும். வேலை முடிந்து கிளம்பும்போது பாட்டி கேட்டார் என்று சொல்லி அந்தச் சென்ட்டின் பெயரை எழுதித் தரச் சொன்னார். தமிழில் எழுதிக் கொடுத்து, முழுச் சீசாவை வாங்கும் முன் ஐந்து மில்லி குப்பியில் சிறிது வாங்கி மூன்று நாட்கள் பூசிப் பார்க்கச் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். கடையில் தரும் காகிதத் துண்டில் முகர்ந்துவிட்டு முடிவு செய்யாதீர்கள், காகிதத்தில் இது கடைசிவரை சைப்ரஸாகவே நிற்கும். முன்கையின் உட்புறத்தில் தெளித்துவிட்டு, அரை மணி நேரம் மறந்திருந்து, பிறகு முகர்ந்து பாருங்கள்.